சப்ளிமேஷனுக்கு எந்தப் பிரிண்டர்: எல்3210-ஆ, எல்8050-ஆ, எஃப்130-ஆ?

எங்கள் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு அடுத்தபடியாக இப்போது அதிகம் போவது படம் போட்ட மக்தான். பிறந்தநாள், கல்யாண ரிட்டர்ன் கிஃப்ட், பள்ளி ஆண்டு விழா என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். முதலில் வெளியே கொடுத்துத்தான் அடித்து வாங்கினேன். சாயங்காலம் கேட்கிற ஆளுக்கு மறுநாள் மதியம்தான் கொடுக்க முடிந்தது. சொந்தமாகப் பிரிண்டர் வாங்கலாம் என்று இறங்கியபோது என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. சாதாரண எப்சன் எல்3210-ஐ வாங்கி அதில் சப்ளிமேஷன் இங்க் (தாளில் அடித்து பிரஸ்ஸில் சூடாக்கினால் ஆவியாகி மக்கில் ஏறிப் பிடிக்கும் இங்க்) ஊற்றுவது ஒன்று. ஆறு கலர் எல்8050-ஐ வாங்கி அதையே செய்வது இன்னொன்று. சப்ளிமேஷனுக்கென்றே எப்சன் விற்கும் எஸ்சி-எஃப்130-ஐ வாங்குவது மூன்றாவது.

எல்லாம் எப்சனாக இருக்கிறதே என்றால், காரணம் எளிது. வீட்டு உபயோகக் கேனான், எச்பி இங்க்ஜெட்களின் ஹெட் (நுண்ணிய துளைகள் வழியாக இங்க்கைத் தாளில் விடும் பகுதி) இங்க்கைச் சூடாக்கித் துளியைத் தள்ளும். சூடு பட்டால் ஆவியாக வேண்டிய இங்க்கை அதில் ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எப்சன் ஹெட் சூடில்லாமல் அழுத்தத்தால் தள்ளுகிறது. அப்புறம், காட்டன் துணியில் இந்த இங்க் நிற்காது, கறுப்புத் துணியில் தெரியாது. வெள்ளை பாலியெஸ்டர், இல்லாவிட்டால் கோட்டிங் போட்ட மக். இதெல்லாம் எந்தப் பிரிண்டருக்கும் பொது.

நான் எடுத்தது எல்3210. அப்போது 11,500 ரூபாய் கொடுத்தேன். எல்8050-க்கு அதைப்போல இரண்டு மடங்கு சொன்னார்கள், எஃப்130-க்கு அதற்கும் மேலே. எல்3210-இல் ஸ்கேனரும் இருப்பதால் பழைய போட்டோ கொண்டுவருகிறவர்களுக்கும் உதவுகிறது. எஃப்130 பிரிண்ட் மட்டும்தான் எடுக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியோடு வரும் இங்க் பாட்டில்களைத் திறக்கவே கூடாது. முதல் முறையாக டேங்க்கில் போகிற இங்க்கே சப்ளிமேஷன் இங்க்காக இருக்க வேண்டும். ஒருமுறை சாதாரண இங்க் டியூபுக்குள் போய்விட்டால், அதைக் கழுவி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். என் பெட்டியில் வந்த நான்கு பாட்டில்களையும் அதே பிரிண்டர் வைத்திருக்கும் மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன். இங்க் மாற்றிய அன்றே வாரண்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆறு கலரில் லைட் சயான், லைட் மெஜந்தா கூடுதலாக இருப்பதால் முகத்தின் நிறம் இழைந்து வரும். போட்டோ பேப்பரில் அது கண்ணுக்கே தெரியும். வளைந்த மக்கில் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தட்டையான டைல்ஸ், போட்டோ பேனல் அதிகம் செய்கிறவர்கள் வேறு மாதிரி சொல்லலாம், அதில் எனக்கு அனுபவம் குறைவு. மக்தான் வேலை என்றால், அடைத்துக்கொள்ள இன்னும் இரண்டு வரிசைத் துளைகள் எதற்கு?

அடைப்பு. என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். சாதாரண டை இங்க்கில் சாயம் தண்ணீரில் கரைந்திருக்கும். சப்ளிமேஷன் இங்க்கில் சாயம் கரைவதில்லை, மிக நுண்ணிய துகளாக மிதக்கிறது. அதனால் அடியில் படியும், ஹெட்டில் காய்ந்தால் கெட்டிப்படும். ஆர்டர் இருக்கும் வாரத்தில் எந்தப் பிரிண்டரும் ஒழுங்காகத்தான் ஓடும். ஆடி மாதத்தில் பத்து நாள் சும்மா கிடக்கும்போதுதான் அதன் குணம் தெரியும்.

முதல் வருடம் என் பிரிண்டர் கெட்டது என் தவறால்தான். இரவு கடையை மூடும்போது போர்டில் இருக்கும் மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவேன். பிரிண்டரில் உள்ள பவர் பட்டனை அழுத்தி அணைத்தால் ஹெட் ஓரமாகப் போய் ரப்பர் மூடியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். வேலையின் நடுவே கரண்டைப் பிடுங்கினால் ஹெட் நின்ற இடத்திலேயே திறந்து கிடக்கும். ஒரு திங்கட்கிழமை நாஸில் செக் (ஹெட்டின் எல்லாத் துளைகளிலும் இங்க் வருகிறதா என்று கோடுகளாகக் காட்டும் சோதனைப் பிரிண்ட்) எடுத்தால் மெஜந்தா கட்டத்தில் பாதிக் கோடுகளைக் காணோம். பதற்றத்தில் அடுத்தடுத்து ஏழெட்டு முறை ஹெட் கிளீனிங் கொடுத்தேன். இங்க்தான் இறங்கியதே தவிர கோடு வரவில்லை. கிளீனிங்கில் வெளியேறும் இங்க் எல்லாம் உள்ளே இருக்கும் பஞ்சில்தான் சேர்கிறது. அது நிறைந்ததாகக் கணக்கு காட்டினால் பிரிண்டர் நின்றுவிடும், சர்வீஸுக்குத் தூக்க வேண்டும். மூன்று முறைக்கு மேல் கொடுக்காமல் 12 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்படி விட்டதில் மறுநாள் இரண்டே கோடுகளைத்தான் காணோம், அதற்கடுத்த நாள் முழுதாக வந்துவிட்டது.

இப்போது திங்களும் வியாழனும் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாதாரணத் தாளில் நான்கு கலர் பட்டையாக ஒரு பக்கம் அடித்துவிடுகிறேன். பாட்டிலை மெதுவாகப் புரட்டிவிட்டுத்தான் டேங்க்கில் ஊற்றுகிறேன். அதன்பிறகு பெரிய தொந்தரவு இல்லை.

இங்க்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் பெயர் தெரியாத இங்க், நான்கு பாட்டிலும் சேர்த்து 600 ரூபாய்க்கு வாங்கினேன். கறுப்புத் தலைமுடி பிரஸ்ஸிலிருந்து வெளியே வரும்போது செம்பட்டையாக வந்தது. அடுத்து இங்க்டெக்கின் சப்ளிநோவா என்ற கொரிய இங்க்குக்கு மாறினேன். செலவு ஆயிரம் ரூபாய் கூடியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏ4 தாளில் மூன்று மக் படம் வரும், முழுத் தாளுக்கு ஏறத்தாழ 1 மி.லி. இங்க். கிளீனிங்குக்குப் போனது போக, நான்கு பாட்டிலும் சேர்ந்த 400 மி.லி.யில் ஆயிரம் மக்காவது அடிக்கலாம். ஒரு மக்குக்கு ஒரு ரூபாய்தான் கூடுதல். வீணான ஒரு மக்குக்குப் போவதோ 70 ரூபாய், அதோடு வாடிக்கையாளரின் முகச்சுளிப்பும்.

நல்ல இங்க்கும் ஐசிசி புரொஃபைல் (அந்த இங்க்குக்கு ஏற்றபடி நிறத்தைத் திருத்தும் ஃபைல்) இல்லாமல் சரியான நிறம் தராது. விற்பவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். ஃபோட்டோஷாப்பில் அந்த புரொஃபைலைக் கொடுத்தால் பிரிண்டர் டிரைவரில் கலர் திருத்தத்தை நிறுத்திவிட வேண்டும். இரண்டும் ஓடினால் எல்லார் முகமும் சிவந்துவிடும். தாளில் படம் மங்கலாகத்தான் தெரியும், அதைப் பார்த்து இங்க்கைக் கூட்டாதீர்கள். மக் பிரஸ்ஸில் 180 டிகிரியில் மூன்று நிமிடம் இருந்த பிறகுதான் நிறம் திறக்கும்.

எஃப்130-ஐ நண்பர் கடையில் சில நாட்கள் மட்டும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இங்க், நிறம், வாரண்டி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது. கறுப்பு முதல் தாளிலேயே கறுப்பாக வந்தது. பின்னால் விற்றாலும் ஒரு விலை கிடைக்கும். என் எல்3210-ஐ யாரும் வாங்க மாட்டார்கள். தினமும் ஐம்பது, நூறு மக் அடிப்பவர், நாஸில், புரொஃபைல் என்று மல்லுக்கட்டப் பொறுமை இல்லாதவர், தாராளமாக அதையே வாங்கலாம். எனக்கு வாரத்துக்கு முப்பது மக்தான். ஹெட் போனாலும் இன்னொரு எல்3210 வாங்கிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் ஓட்டுகிறேன். மெயின் சுவிட்சுக்கு மேலே மட்டும் ‘முதலில் பிரிண்டரை அணை’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.