தாத்தாவின் துப்பாக்கியும் ஏற்காட்டுப் பனியும்: ஆறு வருஷக் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சுடுகிற துப்பாக்கி இல்லை. பேரலின் அடிப்பக்கம் பற்றவைத்து அடைத்தது, நெருப்புத் துளையும் அடைப்பு. பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழங்கால ஆயுதங்களுக்கு 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் 45-ஆவது பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் எது சுடாது என்று நாமே முடிவு கட்டக் கூடாது. பெரியப்பா என்றைக்கோ காவல் நிலையத்தில் காட்டி எழுதி வாங்கிய தாள் ஒன்று பீரோவில் பத்திரமாக இருந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் ஸ்க்ரூ டிரைவரையே எடுத்தேன். எங்கள் மலைப் பக்கம் நாட்டுத் துப்பாக்கி என்ற பேச்சு வந்தாலே போலீஸ் காது கூர்மையாகிவிடும். தாள் இல்லாதவர்கள் இந்த வேலையில் கை வைக்க வேண்டாம்.

தாத்தா ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். துரை ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது என்பது வீட்டுக் கதை. 2019 மே மாதம் பெரியப்பா வீட்டுச் சுவரிலிருந்து இறக்கி, கோணிப்பையில் சுற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் மடியில் வைத்தபடியே சேலத்துக்குக் கொண்டு வந்தேன். நாலரை அடிக்கு மேல் நீளம், காரில் குறுக்கே வைக்க இடமில்லை. சூரமங்கலத்தில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு வைஸ், ஒரு சின்ன கிரைண்டர், அரங்கள், அவ்வளவுதான் என் பட்டறை.

தூசியைத் துடைத்ததும் முதல் ஆச்சரியம். எல்லோரும் அதை "என்ஃபீல்டு ரைஃபிள்" என்றுதான் சொல்லி வந்தோம். மூன்று வளையம், கட்டை நுனியில் பித்தளைக் குப்பி, பின்முனையில் பித்தளை அடித்தகடு, எல்லாம் 1853 மாடல் என்ஃபீல்டுக்குப் பொருந்துகிறது. வாய்ப்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே புரி, அதாவது குண்டைச் சுழலவிடும் திருகு வெட்டு, ஒன்றுமே இல்லை, தண்ணீர்க் குழாய் மாதிரி வழவழவென்று இருக்கிறது. பின்பக்கக் குறிகாட்டியும் ஏற்றி இறக்கும் ஏணி இல்லை, அசையாத ஒரு கட்டி. அப்புறம் படித்துத்தான் புரிந்தது. கொழுப்புத் தோட்டாவால் 1857 கிளர்ச்சிக்குத் தீப்பொறி வைத்ததே இந்த என்ஃபீல்டுதான். அதற்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு வெள்ளைக்காரச் சிப்பாய் அளவுக்குக் குறி தப்பாத ஆயுதம் கிடைக்கக் கூடாது என்று, வெளியே அதே உருவம், உள்ளே புரி இல்லாத குழாய் என்று செய்து கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இருப்பது அந்த வகை. ரைஃபிள் என்று ஊருக்குச் சொன்ன தாத்தாவுக்கு இது தெரிந்திருக்காது.

பிரிக்கும் வேலைக்குத்தான் பொறுமை வேண்டும். குதிரையும் ஸ்பிரிங்கும் மாட்டியிருக்கும் பூட்டுத் தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு நீள ஸ்க்ரூவும் இடது பக்கம் இருக்கின்றன. அவற்றை முழுக்கக் கழற்றித் தகட்டை நெம்பினால் கட்டை சில்லுச் சில்லாகப் பெயரும். குதிரையைப் பாதி இழுத்த நிலையில் வைத்து, ஸ்க்ரூவை நாலு சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலையில் மரச் சுத்தியால் மெதுவாகத் தட்ட வேண்டும். தகடு எதிர்ப்பக்கம் தானாக எழும்பி வரும். ஸ்க்ரூவின் வெட்டு ரொம்பக் குறுகல். கடை ஸ்க்ரூ டிரைவர் ஆப்பு மாதிரி சரிந்திருப்பதால் வெட்டின் மேல் விளிம்பில்தான் உட்காரும், திருகினால் வழுக்கி வெட்டின் வாயைக் கிழிக்கும். ஒன்றைக் கிரைண்டரில் கொடுத்து, இரண்டு பக்கமும் இணையாகத் தேய்த்து எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் தினம் ராத்திரி எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். எட்டாம் நாள் "டிக்" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குச் சம்பளமே கொடுக்கலாம்.

கட்டை வால்நட். ஆனால் கறுத்துப்போய் வால்நட் என்றே தெரியாது. காரணம் தேங்காய் எண்ணெய். தாத்தா ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கை நிறைய எடுத்துப் பூசியிருக்கிறார். தேங்காய் எண்ணெய் காயாத எண்ணெய். மார்கழிக் குளிரில் உறையும், வெயிலில் இளகும், தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். இதை எடுக்க நான் செய்த வேலை ரொம்பச் சுலபம். கறுப்புப் பாலிதீனில் சுற்றி மே மாத மொட்டை மாடியில் வைத்தேன். சேலத்து வெயில் வேலை பார்த்தது. மதியம் பிரித்தால் கட்டை முழுக்க வியர்வை மாதிரி எண்ணெய் முத்து. சாக்பீஸ் மாவைத் தூவி, ஊறியதும் துடைத்து, மறுபடி வெயில். பத்து நாளில் நிறம் திரும்பியது. பள்ளங்களுக்கு ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை ஒற்றினால் நசுங்கிய நார் உப்பி எழும்பும். உப்புத்தாள் போடவே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு நானே ஷொட்டு வைத்துக்கொள்கிறேன்.

இரும்பில் ஒரு வேடிக்கை. துரு எல்லா இடத்திலும் மேலோட்டமாக இருக்க, பேரலின் மேல்பக்கம் வரிசையாக மூன்று இடத்தில் மட்டும் காலணா அளவில் ஆழக் குழி. இதென்ன கணக்கு என்று ரெண்டு நாள் யோசித்தேன். அம்மாதான் பார்த்ததும் சொன்னார்: "கண்ணு, அது உங்க தாத்தா பொட்டு வெச்ச எடம்." ஈரச் சந்தனம், அதன் மேல் குங்குமம். மறு பூஜை வரை துடைக்க மாட்டார்கள். பனியின் ஈரத்தைப் பிடித்து வைத்து, வருஷா வருஷம் அதே இடத்தில் தின்றிருக்கிறது.

சிவப்புத் துருவைச் சுரண்டாமல் கொதிக்க வைத்தால் அது கறுப்பாக மாறி இரும்போடு ஒட்டி நிற்கும். அதுதான் நான் செய்தது. மூன்றேகால் அடி பேரலுக்கு எந்த அண்டாவும் போதாது. தகரக் கடையில் நீளத் தொட்டி ஒன்று மடித்து வாங்கி, இரண்டு அடுப்பின் மேல் வைத்தேன். குழாய்த் தண்ணீர் கறை விடும் என்பதால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர். அரை மணி நேரக் கொதி, பிறகு நாலு ஜீரோ ஸ்டீல் வுல்லால் மென்மையாகத் தேய்ப்பு. நாலைந்து தடவை செய்ததில் கரும்பழுப்பு நிறம் வந்தது. ஆறு வருஷம் ஆகியும் அப்படியே நிற்கிறது.

வளையங்களுக்கு மட்டும் சலவைச் சோடாத் தண்ணீரில் மின்சாரம் விட்டுத் துரு எடுத்தேன். இங்கே சேலத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் ஸ்டெயின்லெஸ் துண்டு சும்மாவே கிடைக்கும். எதிர்முனைக்கு அதைப் போடச் சொல்லி நண்பர் ஒருவர் கொண்டு வந்தே கொடுத்தார். போடாதீர்கள். அதிலிருக்கும் குரோமியம் கரைந்து நஞ்சாகும், அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டவும் முடியாது. சாதா இரும்புத் துண்டு போதும். ஸ்பிரிங் எதையும் அந்த வாளியில் போடக் கூடாது. ஹைட்ரஜன் ஏறினால் உடைகிற குணம் வந்துவிடும்.

இனி என் பெரிய தப்பு. பித்தளையையும் பூட்டுத் தகட்டையும் நானே துடைத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். சோம்பல். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுக்கு மெருகு போடும் பட்டறை ஒன்றில் கொடுத்து, "லேசா ஒரு ஓட்டு ஓட்டுங்கண்ணா" என்றேன். அவருக்கு லேசு என்றால் கொலுசு லேசு. ஒரு மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி மின்னுகிற தகட்டை நீட்டினார். தகட்டில் பொறித்திருந்த கிரீட முத்திரை பாதி போயிருந்தது. அதன் பக்கத்தில் "185" வரை வருஷம் தெரிகிறது, கடைசி எண் சக்கரத்தோடு போய்விட்டது. கொடுப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுக்கவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவரிடம் நான் கேட்டதே மினுமினுப்புதான். எங்கள் துப்பாக்கி எந்த வருஷத்தது என்பது இனி எவருக்கும் தெரியப் போவதில்லை. அடித்தகட்டின் பளபளப்பு மட்டும் ரெண்டு வருஷத்தில் மங்கி, இப்போது பழைய குத்துவிளக்கு நிறத்துக்கு வந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போது கொஞ்சம் ஆறுதல்.

கட்டைக்குப் போட்ட எண்ணெய்தான் இந்த அனுபவத்தின் நீண்ட பகுதி. அந்தக் காலப் பட்டாளத்து வழக்கப்படி ஆளி விதை எண்ணெய், கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கிடைக்கும். சேலத்தில் பூசினேன், மெல்லிய பூச்சுகள், மூன்று வாரத்தில் கை வைத்தால் ஒட்டவில்லை. ஒரு நாள் பூசிய துணியைக் கசக்கி வாளியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து எடுத்தால், இட்லித் தட்டிலிருந்து அப்போதுதான் எடுத்த துணி போலச் சூடு, லேசாகப் புகை வாசம். காயும்போது இந்த எண்ணெய் தானே சூடாகும், கசக்கிய துணி தானே தீப்பிடிக்கும். அன்றிலிருந்து துணியைக் கொடியில் விரித்துத்தான் காயப்போடுகிறேன், அல்லது தண்ணீரில் முக்கி வைக்கிறேன். மாடிப்படிக்குக் கீழே பட்டறை வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

மேலே கொண்டுபோய் மாட்டியதும் கதை மாறியது. ஏற்காடு கிட்டத்தட்ட ஐயாயிரம் அடி. ஐப்பசியில் பனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும். முதல் மழைக்காலத்தில் கட்டை பிசுபிசுத்தது. இரண்டாவதில் அடிப்பக்கம் சாம்பல் நிறப் பூஞ்சை. ஆளி விதை எண்ணெய் பூஞ்சைக்குச் சாப்பாடு. சுவரில் துப்பாக்கியைத் தாங்கும் முளைக்கு நான் ஆசையாகச் சுற்றிய வெல்வெட் துணி ஈரத்தை உறிஞ்சி, பேரலில் இரண்டு புதுத் துருக்கோடு போட்டுக் கொடுத்தது.

2021 பங்குனியில் மறுபடி கீழே இறக்கி, டர்பன்டைனால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்தேன். மேலே மெழுகு. முதலில் மலைத் தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்துப் போட்டேன். செலவு கம்மி, வாசனை அருமை. ஆனால் சேலத்துச் சூட்டில் இளகி, தொட்ட விரலெல்லாம் ரேகையாகப் பதிந்தது. பிறகு அருங்காட்சியகங்களில் போடும் மைக்ரோகிறிஸ்டலின் மெழுகு வாங்கினேன். விலை கொஞ்சம் உறைக்கும். ஆனால் பட்டாணி அளவு எடுத்தால் கட்டை, பேரல், பித்தளை எல்லாவற்றுக்கும் வரும். அந்த டப்பா இன்னும் பாதி இருக்கிறது. வெளிச்சுவரிலிருந்து உள்சுவருக்கு மாற்றி, வெறும் மர முளையில் வைத்தேன். அதற்குப் பிறகு பூஞ்சையும் இல்லை, புதுத் துருவும் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால், புரட்டாசி முதல் வாரத்தில் மெழுகு.

பெரியப்பாவுக்குத்தான் மனக்குறை. "பொட்டு வைக்காம என்னடா ஆயுத பூஜை?" என்று இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போன பூஜையில் ஒரு வழி கண்டோம். சந்தனமும் குங்குமமும் இப்போது துப்பாக்கியைத் தாங்குகிற மர முளைக்கு. பெரியப்பா வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்து, "அதுவும் தாங்கறதுதானே" என்று சொல்லிவிட்டுப் பொரி கடலை எடுக்கப் போய்விட்டார்.