‘ஃபுல் கவர்’ என்றார் ஏஜென்ட், 18,400 டாலர் போச்சு

சரக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் கிடையாது என்ற மெயில் இன்று காலைதான் வந்தது. ஆத்திரத்தில் எழுதுகிறேன். நீங்கள் ஏமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஒரு கன்டெய்னர் துணி ரோல். கப்பல் புக்கிங், இன்சூரன்ஸ் எல்லாம் ஒரே ஃபார்வர்டிங் ஏஜென்ட். “மரைன் பாலிசி போட்டாச்சு சார். ஃபுல் கவர். இன்வாய்ஸுக்கு மேல 10 சதவீதமும் சேர்த்திருக்கு, நிம்மதியா தூங்குங்க” என்றார். தூங்கினேன். சர்டிஃபிகேட்டில் தொகையை மட்டும் பார்த்து மூடிவிட்டேன். கீழே ‘இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாசஸ் (சி)’ என்று ஒரு வரி இருந்திருக்கிறது; ஏ, பி, சி என்ற மூன்று வகை சரக்குக் காப்பீட்டில் இதுதான் மிகக் குறைந்த கவர்.

சரக்கு வந்து சேர்ந்தபோது கன்டெய்னர் கூரையில் விரல் நுழையும் துரு ஓட்டை. மேல் ரோல்கள் ஊறிப்போய்ப் பூஞ்சை வாடை. சேதத்தைப் பரிசோதிக்க வந்த சர்வேயர் கறையின் மேல் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டார்; பாலாக வெளுத்தது. “உப்புத் தண்ணி, கடல்தான்” என்றார். மழைத்தண்ணீர் இல்லை, கடல் என்று நிரூபணமாகிவிட்டதே, 18,400 டாலரும் வந்துவிடும் என்று சந்தோஷப்பட்டேன். என் மடத்தனம்!

சி என்றால் தீ, வெடிப்பு, தரைதட்டல், மூழ்கல், மோதல் மாதிரி பெரிய விபத்துகள்தான். கன்டெய்னருக்குள் கடல்நீர் புகுந்தால் பணம் வர பி இருக்க வேண்டும், அல்லது ஏ. அந்தச் சோதனையே என் கிளெய்முக்குச் சமாதி கட்டியது.

ஏஜென்ட்டைக் கேட்டால் “நாங்க போட்டுத்தான் குடுக்கிறோம், இன்சூரன்ஸ்காரங்ககிட்ட பேசுங்க.” அவர்கள் “உங்க ஏஜென்ட் கேட்டதைத்தான் குடுத்தோம்.” கப்பல் கம்பெனியோ, “சேதம்னு டெலிவரி எடுத்த 3 நாளுக்குள்ள ஏன் எழுதிக் குடுக்கலை?” நான்காவது முறை கூப்பிட்டபோது ஏஜென்ட் மீட்டிங்கில் இருந்தார். இப்போதும் மீட்டிங்கில்தான் இருக்கிறார். 18,400 டாலர்!

விவரமாக எழுதும் நிலையில் இல்லை, மன்னியுங்கள். சர்டிஃபிகேட்டில் ஏயா, பியா, சியா என்று பாருங்கள். ஏ இருந்தாலும் மோசமான பேக்கிங்குக்கும் தாமதத்துக்கும் பைசா வராது. சிஐஎஃப்பில், அதாவது கப்பல் கட்டணமும் இன்சூரன்ஸும் சேர்ந்த விலையில், வாங்கினால் விற்பவர் சி போட்டாலே அவர் கடமை முடிந்தது, சர்வதேச வியாபார விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020 அப்படித்தான் சொல்கிறது. ஏ வேண்டுமென்றால் கான்ட்ராக்ட்டிலேயே எழுதி வாங்குங்கள். கன்டெய்னர் கதவைத் திறக்கும் முன் கூரையை போட்டோ எடுங்கள். கப்பல் கம்பெனி மேல் கேஸ் போட பொதுவாக ஒரு வருடம்தான். எனக்கு அதில் 5 மாதம் ஏற்கெனவே ஓடிவிட்டது, நாளைக்கு வக்கீலைப் பார்க்கிறேன்.