டிவைன் டார்க் சாக்லேட்: பார் ஒன்றுக்கு இரண்டு சென்ட்

போன மாதம் தம்பி லண்டன் வந்திருந்தான். சமையலறை அலமாரியில் நான் அடுக்கி வைத்திருந்த டிவைன் 70 சதவீத டார்க் சாக்லேட்டில் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டே, "அக்கா, இந்த நியாய வணிகம் எல்லாம் சும்மா, வெள்ளைக்காரன் மனசாட்சிக்கு எழுதுற மொய்" என்றான். உறையில் இருக்கும் ஃபேர்ட்ரேட் முத்திரையைத்தான் சொன்னான், விவசாயிக்கு நியாயமான விலை போகிறது என்று சொல்லும் சான்று அது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பத்து வருடமாக வாங்குகிறேன், ஆனால் சண்டை போடுகிற அளவுக்குக்கூட விவரம் கையில் இல்லை என்பது உறுத்தியது. ஆகவே இது பாதி சாக்லேட் விமர்சனம், பாதி தம்பிக்குப் பதில்.

முதலில் ருசி. 90 கிராம் பார், உடைத்தால் டக்கென்று சத்தம் வருகிறது. புளிப்பு அதிகம் இல்லாத, கனமான கசப்பு. கெட்டியான டிகாஷனைப் பால் விடாமல் ஒரு வாய் குடித்தால் எப்படி இருக்குமோ அப்படித் தொடங்கி, இனிப்பு பின்னால் மெதுவாக வருகிறது. பால் சாக்லேட் மட்டுமே தின்று பழகியவர்கள் முதல் துண்டிலேயே முகத்தைச் சுளிக்கலாம், இரண்டாவது துண்டுவரை பொறுங்கள். எனக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு துண்டு போதும். விலை மூன்று பவுண்ட் சொச்சம். சாதாரண பாரை விட அதிகம்தான், அதனால்தான் அந்தக் கூடுதல் காசு எங்கே போகிறது என்ற கேள்வியே வருகிறது.

உறையில் தங்க நிறத்தில் இருக்கும் சின்னங்கள் வெறும் அலங்காரம் இல்லை. அவை கானாவின் அகான் மக்களுடைய அடிங்க்ரா குறிகள். கோகோ வருவது குவாபா கோகோ என்ற விவசாயிகள் கூட்டுறவிலிருந்து. த்வி மொழியில் அந்தப் பெயருக்கு 'நல்ல கோகோ விவசாயி' என்று பொருள். கானாவில் கோகோ கொள்முதல் முழுக்க அரசின் கையில் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் தனியாரும் உரிமம் வாங்கிக் கொள்முதல் செய்யலாம் என்று மாற்றினார்கள், அந்த வாசல் திறந்ததும் 1993இல் விவசாயிகளே சேர்ந்து ஆரம்பித்ததுதான் இது. இன்று உறுப்பினர்கள் லட்சத்துக்குப் பக்கம்.

அவர்கள் ஏன் சேர்ந்தார்கள் என்று தேடினால் முதலில் வருவது விலை இல்லை, தராசு. அரசின் கோகோ வாரியம் பருவத் தொடக்கத்தில் அறிவிக்கும் விலைதான் நாடு முழுக்க, வாங்குகிறவர் அதற்குக் குறைத்துக் கொடுக்க முடியாது. விலையில் கை வைக்க முடியாதபோது எங்கே கை வைப்பார்கள்? எடையில்தான். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் அப்பா நிலக்கடலை மூட்டையோடு மண்டிக்குப் போய்விட்டு வந்தால் "சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு, இவன் மூஞ்சிக்குக் கழிவு" என்று திட்டிக்கொண்டேதான் திண்ணையில் உட்காருவார். குவாபா கோகோவில் ஊருக்கு ஒரு சங்கம், அந்த ஊர்க்காரர்களே தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து எடை போட வைக்கிறார்கள். தராசு திரிந்தால் சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் போய்க் கேட்கலாம். ஃபேர்ட்ரேட் முத்திரை இல்லாமலும் இதைச் செய்திருக்கலாம்தான், ஆனால் கூடுதல் விலைக்கு வாங்க வெளியே ஒருவர் இருந்ததால்தான் சங்கம் நின்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். ஃபேர்ட்ரேட் ஏற்பாட்டில் இரண்டு அம்சம்: ஒன்று குறைந்தபட்ச விலை, இன்னொன்று அதற்கு மேலே பிரீமியம் என்று தனியாகத் தரும் தொகை. கோகோவுக்கு 2019 அக்டோபரில் குறைந்தபட்ச விலையை டன்னுக்கு 2,000 டாலரிலிருந்து 2,400 ஆகவும், பிரீமியத்தை 200லிருந்து 240 ஆகவும் உயர்த்தினார்கள். இப்போது என் கையில் இருக்கும் பாரை எடுத்துக்கொள்ளுங்கள். 90 கிராமில் 70 சதவீதம் கோகோ என்றால் 63 கிராம், தோல் நீக்கும்போதும் வறுக்கும்போதும் போகும் எடையையும் சேர்த்தால் ஏறக்குறைய 80 கிராம் கொட்டை. ஒரு டன்னில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பார். 240 டாலரை அதில் வகுத்தால் பார் ஒன்றுக்கு இரண்டு சென்ட். இரண்டே சென்ட்! நான் கூடுதலாகக் கொடுத்த காசில் பெரும்பங்கு விவசாயிக்கு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு சென்ட்டும் தனி ஆள் பைக்குப் போவதில்லை, சங்கத்துக்குப் போகிறது. எதற்குச் செலவழிப்பது என்று உறுப்பினர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். ஆழ்குழாய்க் கிணறு, பள்ளிக்கூடம், சோளம் அரைக்கும் மில் எல்லாம் அதில் வந்திருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று ஹெக்டேர், ஹெக்டேருக்கு விளைச்சல் அரை டன் அளவுதான் என்னும்போது, அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கு ஒரு செலவோடு கரைந்திருக்கும். கிணறு நிற்கிறது. அப்புறம், சங்கம் வாங்கும் கோகோ முழுவதும் முத்திரை விலைக்குப் போவதில்லை, அந்த விலைக்கு வாங்க ஆள் எவ்வளவோ அவ்வளவுதான். மீதி சாதாரணச் சந்தைக்கு.

குறைந்தபட்ச விலைக்கு அர்த்தம் வருவது சந்தை விழும்போதுதான். 2016 கடைசியில் உலக விலை சரியத் தொடங்கி, 2017இல் பக்கத்து நாடான ஐவரி கோஸ்ட்டில் அரசு கொள்முதல் விலையைக் கிலோவுக்கு 1,100 ஃபிராங்கிலிருந்து 700க்கு இறக்கியது. ஒரே அறிவிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வருமானம் போனது. அப்படிப்பட்ட வருடத்தில் தரையில் மோதாமல் பிடிக்க ஒரு வலை இருந்தால் நல்லதுதான். ஆனால் 2024இல் நடந்தது தலைகீழ். நோயாலும் மழைக் கோளாறாலும் விளைச்சல் படுத்து, உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டியது. கானா விவசாயிக்கு அந்த ஏப்ரலில் கிடைத்த புதிய விலை டன்னுக்கு 33,120 சீடி, அதாவது சுமார் 2,500 டாலர். இவ்வளவு குறைவாகக் கிடைத்ததற்கு, வாரியம் முன்கூட்டியே பழைய விலைக்கு விற்று வைத்திருந்ததுதான் முக்கியக் காரணம். எல்லை தாண்டிக் கோகோ கடத்தினார்கள், சிலர் தோட்டத்தைத் தங்கம் தோண்டுகிறவர்களுக்கு விட்டுவிட்டார்கள். இந்த இடத்தில் 2,400 டாலர் பாதுகாப்பு என்று முத்திரை சொல்வதற்கு ஒரு மதிப்பும் இல்லை. தம்பிக்கு இந்தப் பாயிண்ட்டை விட்டுக்கொடுக்கிறேன்.

எனக்கு டிவைன் பிடித்ததற்கு முத்திரையை விடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது, பங்கு. 1998இல் பிரிட்டனில் கம்பெனி தொடங்கியபோதே குவாபா கோகோவும் பங்குதாரர். 2006இல் இன்னொரு பங்குதாரரான பாடி ஷாப் என்ற அழகுசாதனக் கம்பெனி தன் பங்குகளை அவர்களுக்கே கொடுத்துவிட, கம்பெனியில் கிட்டத்தட்ட 45 சதவீதம் விவசாயிகள் கைக்கு வந்தது. கொட்டை விற்கிறவர் சாக்லேட் லாபத்திலும் பங்கு கேட்கலாம், கூட்டத்தில் உட்கார்ந்து பேசலாம். எந்தச் சான்றிதழும் இதைத் தருவதில்லை. ஆனால் 2020இல் சாக்லேட்டைத் தயாரித்துக் கொடுக்கும் ஜெர்மன் நிறுவனமான வைன்ரிஷ் பெரும்பான்மைப் பங்கை எடுத்துக்கொண்டது, விவசாயிகளின் பங்கு 20 சதவீதமானது. கம்பெனி தாக்குப்பிடிக்க முதலீடு தேவைப்பட்டது என்பது புரிகிறது. புரிந்தாலும் வருத்தம் வருத்தம்தான். 20 சதவீதம்கூட வேறு எந்தப் பெரிய சாக்லேட் பிராண்டிலும் நான் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குழந்தைத் தொழிலாளர் விஷயத்தையும் மறைக்கக் கூடாது. 2009இல் குவாபா கோகோவின் 33 ஊர்ச் சங்கங்களில் ஆய்வு செய்ததில் 7 ஊர்களில் பிள்ளைகளை மோசமான வேலைக்கு வைத்திருந்தது தெரிந்து, அந்த ஊர்களை நிறுத்தி வைத்தார்கள். முத்திரை இருந்தால் பிரச்சினையே இருக்காது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். கண்டுபிடித்தார்கள், நடவடிக்கை எடுத்தார்கள் என்பது ஒரு பக்கம். ஆனால் கூலிக்கு ஆள் வைக்க வருமானம் பத்தாத வீட்டில் பிள்ளை கையில்தான் அரிவாள் போகும், அதை இரண்டு சென்ட் தடுக்காது.

கடையில் வேறு பார் எடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ஃபேர்ட்ரேட் முத்திரைக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு அம்புக்குறி இருந்தால் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பல சமயம் அங்கே எடைக்கு எடை கணக்கு என்ற விவரம் இருக்கும்: அந்த அளவு கோகோ முத்திரை விலைக்கு வாங்கப்பட்டது உண்மை, ஆனால் உங்கள் வாயில் இருப்பது அதே கொட்டையாக இருக்க வேண்டியதில்லை, ஆலையில் கலந்திருக்கலாம். விவசாயிக்குப் பணம் போவதால் எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. பிரிட்டனில் கேட்பரி டெய்ரி மில்க்கும் கிட்கேட்டும் சில வருடம் ஃபேர்ட்ரேட் முத்திரையோடு வந்தன, பிறகு டெய்ரி மில்க் கம்பெனியின் சொந்தத் திட்டத்துக்கும் கிட்கேட் ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் என்ற வேறு முத்திரைக்கும் போய்விட்டன.

என் மதிப்பெண்: ருசிக்கு ஐந்துக்கு நாலு. நியாயத்துக்கு மூன்று, அந்த 45 சதவீதம் இருந்திருந்தால் நாலரை போட்டிருப்பேன். தொடர்ந்து வாங்குவேன். தானம் என்று நினைத்து இல்லை, தராசு சரியாக இருக்கும் இடத்தில் சரக்கு எடுக்கிறேன் என்றுதான்.

தம்பி திரும்பும்போது நாலு பாரைப் பெட்டியில் போட்டுக்கொண்டான். சென்னை வெயிலில் உருகி மறுபடி உறைந்து மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது, பூஞ்சையா என்று படம் அனுப்பிக் கேட்டான். கொழுப்புதான் மேலே வந்திருக்கிறது, சும்மா தின்னு என்று பதில் போட்டேன்.