ஃபுருனோ எஃப்சிவி-628: தரையை ஒட்டிய மீனைப் பிரித்துக் காட்டுமா?

ஒலி அனுப்பி, எதிரொலியை வைத்து மீனையும் தரையையும் திரையில் காட்டும் எக்கோ கருவி இது. 5.7 அங்குல வண்ணத்திரை, 600 வாட், 50/200 கிலோஹெர்ட்ஸ் ஒலி. ஃபைபர் படகுக்குத் தாராளம். நடுநீரில் நிற்கும் மத்திக் கூட்டத்தை எந்த எக்கோவும் காட்டிவிடும். காரலும் களவாயும் தரையோடு ஒட்டிக் கிடக்கும்போதுதான் கருவியின் லட்சணம் தெரியும். இது அதில் தேறுகிறது. ஆனால் கருவியே எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளும் ஆட்டோவில் விட்டால் தேறாது. தரை செம்பழுப்பாக, அதாவது வலுத்த எதிரொலியின் நிறத்தில், தெரியும் அளவுக்கு ஆட்டோ கெயினை (எதிரொலியைப் பெருக்கும் அளவை) தூக்கிவைக்கும். ஒட்டிய மீனும் அதே நிறத்தில் கரைந்துவிடும். மேனுவலுக்கு மாற்றி, நடுநீரில் புள்ளிகள் லேசாகத் தெரியும் இடத்திலிருந்து கெயினைப் படிப்படியாகக் குறையுங்கள். குறிப்பிட்ட ஒரு நிறத்தை வெள்ளையாக மாற்றிக் காட்டும் ஒயிட் மார்க்கரால் செம்பழுப்பை வெள்ளையாக்கினால் தரை வெண்பட்டையாகும், மீன் அதன்மேல் நிறத்தோடு நிற்கும்.

தேடுவதற்கு 50 கிலோஹெர்ட்ஸ், முடிவு செய்ய 200. வழக்கமான டிரான்ஸ்டியூசரில் (நீருக்குள் ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்) 50-இன் ஒலிக்கற்றை ஏறக்குறைய 45 டிகிரி. 30 மீட்டர் ஆழத்தில் 25 மீட்டர் அகல வட்டம். நேர்கீழே உள்ள தரையின் எதிரொலி முதலில் வந்துவிடுவதால், வட்டத்தின் ஓரத்தில் தரைக்கு மேல் 2.5 மீட்டருக்குள் நிற்கும் மீன் அதற்குள் புதைந்துபோகும். 200-இல் கற்றை 15 டிகிரிதான். புதைவது கால் மீட்டர்.

பார் (கடலடிப் பாறைமேடு) எது, மீன்கூட்டம் எது என்பதே பெரிய குழப்பம். ஆழம் 30 மீட்டர் என்றால் ரேஞ்சை, அதாவது திரை காட்டும் ஆழத்தை, 80 மீட்டருக்கு வையுங்கள். கடினத் தரையாக இருந்தால், ஒலி தரைக்கும் நீர்மட்டத்துக்கும் இன்னொரு முறை போய்வந்து, 60-இல் இரண்டாம் எதிரொலி விழும். மேலே தெரியும் 3 மீட்டர் மேடு அங்கே 6 மீட்டராக எழுந்தால் அது பார். அந்த இரண்டாம் எதிரொலியில் தரைக்கோடு மட்டமாகவே போனால் மீன். அடர்ந்த கூட்டத்தின் தலையையே தரை என்று கருவி எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆழ எண் திடீரென்று குதித்தால் கெயினை இறக்கிப் பாருங்கள். சூரைக்குக் காற்றுப்பை கிடையாது, கணவாய்க்கும் இல்லை. அதனால் இரண்டும் மங்கலாகவே விழும், அவற்றைத் தேடும்போது கெயினை ரொம்பக் குறைக்கக் கூடாது.

பாறை, சரளை, மணல், சேறு என்று தரையைப் பிரித்துச் சொல்லும் வசதியும் மீனின் நீளம் சொல்லும் அக்யூ-ஃபிஷ்ஷும் எல்லா டிரான்ஸ்டியூசரிலும் வேலை செய்யாது. கடையில் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். நீளம் தனி மீனுக்குத்தான் நம்பகம். நெருங்கிய கூட்டத்தில் அந்த எண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஓடும்போது திரை வெளுத்தால் கருவியைத் திட்டாதீர்கள், டிரான்ஸ்டியூசர் முகத்தில் குமிழி ஓடுகிறது. புரொப்பல்லரை விட்டு விலக்கி, கொஞ்சம் இறக்கிப் பொருத்துங்கள். மின்கம்பி நேராக பேட்டரிக்குப் போகட்டும்.