ஹார்ட்மேட் 3: நெஞ்சில் பம்போடு அண்ணா கொக்குவிலில் நின்ற ஐந்து கிழமை

ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா நல்லூர்த் திருவிழாவுக்கென்று வந்து எங்கட வீட்டில் ஐந்து கிழமை நின்றவர். பலவீனமான இதயத்துக்கு உதவியாக நெஞ்சுக்குள் வைக்கிற ஹார்ட்மேட் 3 பம்பை அவருக்கு வைத்து இரண்டு வருடம். வெளிநாட்டில் சொந்தக்காரர் ஒருவருக்கு டொக்டர்மார் இதைச் சொல்லிவிட, "ஓம் எண்டுறதோ, வேண்டாம் எண்டுறதோ" என்று தவிக்கிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன்.

பம்ப் 200 கிராம்தான். இதயத்தின் இடது கீழறை நுனியில் இருந்து இரத்தத்தை எடுத்துப் பெருநாடிக்குள் தள்ளும். உள்ளே சுழல்கிற பகுதி காந்த விசையில் மிதக்கிறது, எதிலும் உரசாது. அதனால் பம்புக்குள் இரத்தம் கட்டிபடுவது முந்தைய மாதிரியை விட மிகக் குறைவு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரை வைத்துச் செய்த மொமென்ரம் 3 ஆய்வில், 5 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் இதில் 58.4%, பழைய ஹார்ட்மேட் 2 இல் 43.7%. பம்ப் வைக்க முதல் அண்ணாவால் படுக்கையில் இருந்து குளியலறைக்கு நடக்க ஏலாது. இங்கே நின்றபோது ஒவ்வொரு காலையும் பேப்பர் வாங்கச் சந்திவரை நடந்து போய் வந்தார்.

வந்த அன்று இரவு அவர் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன். லப் டப் இல்லை. எங்கேயோ தூரத்துத் தோட்டத்தில் தண்ணி இறைக்கிற மெசின் ஓடுவது போல ஒரு மெல்லிய இரைச்சல். இரண்டு செக்கனுக்கு ஒருக்கால் அந்தச் சத்தம் கொஞ்சம் மாறும். இரத்தம் ஓரிடத்தில் தேங்காமல் இருக்க வேகத்தை அப்படிக் கூட்டிக் குறைக்கிறதாம். "பயந்திட்டியோ பிள்ளை?" என்று கேட்டார். எனக்குக் கதை வரவில்லை.

கரண்ட்தான் பெரிய விசயம். வயிற்றில் இருந்து ஒரு வயர் வெளியே வந்து, பம்பை இயக்குகிற கொன்ட்ரோலர் பெட்டியில் சேரும். பகலில் இரண்டு பற்றரி, இரவில் சுவர் பிளக். மூன்றாம் நாள் நடுச்சாமத்தில் கரண்ட் நிண்டுபோச்சு. கொன்ட்ரோலர் கத்தின கத்தில் பக்கத்து வீட்டு நாயும் எழும்பிவிட்டது. உள்ளே இருக்கிற சின்னப் பற்றரி குறைந்தது 15 நிமிடம் தாங்கும் என்று அண்ணி வீடியோவில் பத்துத் தரம் சொல்லியிருந்தும் என் கை நடுங்கியது. வாயில் ரோச்சைக் கவ்விக்கொண்டு ஒரு வயரைக் கழற்றிப் பற்றரியில் பூட்டி, அது பிடித்துவிட்டதா என்று பார்த்த பிறகே மற்றதைத் தொட்டேன். இரண்டையும் ஒரே நேரம் கழற்றவே கூடாது. அடுத்த இரவில் இருந்து சார்ஜ் ஏற்றின இரண்டு பற்றரி அவர் தலைமாட்டில் இருந்தது.

வயர் வெளிவரும் துளைக்குக் கட்டுப் போடுவது இரண்டாவது வேலை. ஆவணி வெக்கையில் வேர்த்து பிளாஸ்ரர் கழன்றுவிடும். ஈரம் பட்டால் கிருமி தொற்றும். கீரிமலைக் கேணியில் ஒருக்கால் முங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், நான் விடவில்லை. நீந்துவதும் தண்ணிக்குள் அமிழ்வதும் இந்தப் பம்ப் உள்ளவர்களுக்குக் கூடாது. இரத்தம் கட்டிபடாமல் இருக்க வார்ஃபரின் மருந்து குடிக்கிறார். கீரை கூடிக் குறைந்தால் அந்த மருந்தின் வேலையும் மாறும் என்பதால் வல்லாரைச் சம்பலும் முருங்கையிலை வறையும் ஒருநாள் நிறைய, மறுநாள் இல்லை என்று வைக்க முடியாது. கிழமைக்கு இத்தனை நாள், இவ்வளவுதான் என்று அளவாகச் சமைத்தேன்.

இரத்தம் கட்டிபட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டுகிற ஐஎன்ஆர் சோதனைக்குப் போன ஒரு கிளினிக்கில் நேர்ஸ்பிள்ளை அண்ணாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி இல்லை. பிரஷர் மெசினும் எரர் காட்ட, அவள் முகம் வெளிறிப் போனது. அண்ணா சிரித்துக்கொண்டு பேசுகிறார், அவள் அவசரத்துக்கு ஆளைக் கூப்பிடுகிறாள். இரத்தம் நிற்காமல் ஓடுவதால் நாடி பிடிபடாது என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. அவளில் பிழை சொல்ல மாட்டேன், இப்படி ஒருவரை அவள் கண்டதேயில்லை.

நல்லூரில் ஆம்பிளைகள் சேட்டைக் கழற்றத்தானே வேண்டும். வயர், கட்டு, தோளில் பற்றரிப் பை எல்லாம் வெளியே தெரிய அண்ணா வாசலில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றார். முந்தி 25 நாளும் பிரதட்டை செய்தவர். பிறகு என் மகனின் தோளைப் பிடித்தபடி உள்ளே போனார். பக்கத்தில் நின்ற ஒரு ஐயா பையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி இடம் விட்டார்.

என்னைக் கேட்டால், வீட்டில் ஒருவர் பற்றரியும் கட்டும் மாற்றப் பழகத் தயார் என்றால் ஓம் சொல்லுங்கோ. ஊருக்கு வருவதென்றால் அங்கத்தைய இதயக் குழுவிடம் முதலே கேட்டு, மேலதிகக் கொன்ட்ரோலரைக் கைப்பையிலேயே கொண்டு வாங்கோ. இங்கே நாடி பிடிபடாதவருக்குப் பிரஷர் பார்க்கிற டொப்ளர் கருவி எங்கே இருக்கிறது என்று ரிக்கற் போட முதலே விசாரித்து வையுங்கோ.