68 வயசுல கார் இன்சூரன்ஸ் ரினியூவல்: மூணு கொட்டேஷன் வாங்கி பாத்த அனுபவம்

நம்ம வண்டி 2018 வேகன் ஆர், 998 சிசி, பெட்ரோல். நான் ரிட்டயர் ஆகி பத்து வருஷம் ஆச்சு, வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டினா அதிகம், மேடவாக்கத்துலேந்து மார்க்கெட், ஆஸ்பத்திரி, கோயில், வருஷத்துல ஒரு தடவை கும்பகோணம், அவ்ளோதான். இத்தனை நாளா ஷோரூம்காரன் போன் பண்ணுவான், சரிப்பான்னுட்டு பணம் கட்டிடுவேன். இந்த தடவை 9,400 ரூபான்னு சொன்னதும்தான் முழிச்சுக்கிட்டேன். ஏன்பா இவ்ளோன்னா "உங்களுக்கும் வயசாயிடுச்சு சார், எல்லா கவரும் போட்டுக்கறது சேஃப்டி"ங்கறான்.

வயசுக்கும் பிரீமியத்துக்கும் என்ன சம்பந்தம்னு பாக்கலாம்னு உக்காந்தேன். அமெரிக்கால இருக்கற என் மச்சினர் சொல்வார், அங்க 70 தாண்டினா பிரீமியத்தை ஏத்திடுவாங்கன்னு. நம்ம ஊர்ல பெரும்பாலும் வண்டிக்குத்தான் வயசு பாக்கறாங்க, ஓட்டறவனுக்கு இல்ல. வண்டி எத்தனை வருஷம், எத்தனை சிசி, எந்த ஊர் ரெஜிஸ்ட்ரேஷன், ஐடிவி, அதாவது பாலிசில வண்டிக்கு போடற மதிப்பு, எவ்ளோ, இதான் கணக்கு. நான் வாங்கின மூணு கொட்டேஷன்லயும் என் வயசை வச்சு ஒரு ரூபா ஏறல.

அதனால முதல் வேலையா, மொத்த தொகையை பாக்காம ஓடி தனியா டிபி தனியா பிரிச்சு எழுதி தர சொன்னேன். ஓடின்னா நம்ம வண்டிக்கு ஆகற சேதத்துக்கு. டிபின்னா தேர்ட் பார்ட்டி, நம்ம வண்டியால மத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கு, அது கம்பெனி இஷ்டத்துக்கு வைக்கற ரேட் இல்ல, 1000 சிசி வரைக்கும் 2,094, 1500 வரைக்கும் 3,416, அதுக்கு மேல 7,897, 2022 ஜூன்லேந்து வந்த ரேட். "டிபில டிஸ்கவுண்ட் போட்டு தரேன்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கம்பெனிக்கு கம்பெனி மாறறது ஓடியும் கூட சேக்கற ஆட்-ஆன்ங்கற கூடுதல் கவரும்தான். மொத்தத்துக்கு மேல 18% ஜிஎஸ்டி வேற. 2025 செப்டம்பர்ல ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டியை எடுத்தாங்களே, காருக்கும் எடுத்துட்டாங்கன்னு நானே ரெண்டு பேர்கிட்ட சொல்லிட்டு திரிஞ்சேன், எடுக்கல.

ஷோரூம் கொட்டேஷன்ல என்ன இருந்துச்சுன்னா, ஜீரோ டெப் (பார்ட்ஸுக்கு தேய்மானம் கழிக்காம தர்றது), கன்ஸ்யூமபிள்ஸ் (ஆயில், நட்டு போல்ட் மாதிரி சின்ன செலவு), சாவி தொலைஞ்சா கவர், டயர் கவர். ஏழு வருஷ வண்டிக்கு டயர் கவர் எதுக்குய்யா? பேர் சொல்ல விரும்பல, ஆனா நாலு வருஷமா நான் கேக்காமயே சாவி கவருக்கு பணம் வாங்கிருக்காங்க, பழைய பாலிசியை எடுத்து பாத்தப்பதான் தெரிஞ்சுது. தப்பு என் மேலயும்தான், படிக்காம கட்டினேனே.

ரெண்டாவது, பையன் பெங்களூர்லேந்து ஆன்லைன்ல போட்டு காட்டினான், 3,500 சொச்சம். "அப்பா, பாருங்க, பாதி கூட இல்ல"ன்னு ஒரே குஷி. நான் கண்ணாடியை போட்டுக்கிட்டு உள்ள போய் பாத்தா ஐடிவி 1.45 லட்சம்னு இருக்கு. நம்ம வண்டி இன்னிக்கு சந்தைல ரெண்டு லட்சத்துக்கு குறையாது. வண்டி திருடு போனாலோ மொத்தமா போனாலோ அந்த 1.45ஐ வச்சுதான் செட்டில் பண்ணுவாங்க, அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு ஐடிவி நாமளும் கம்பெனியும் பேசி வச்சுக்கறதுதான், அதனால ஏத்தி போட சொல்லி கேக்கலாம். அதுக்கு மேல வாலண்டரி டிடக்டிபிள் 7,500ன்னு தானா டிக் ஆகி கிடக்கு. அதாவது ஒவ்வொரு கிளெய்ம்லயும் கட்டாய 1,000 போக இன்னொரு 7,500 நம்ம கைலேந்து. இதுக்கு மிச்சமாகறது முன்னூறு நானூறு ரூபா. நம்ம வயசுக்காரங்களுக்கு வர்றதெல்லாம் கேட்ல உரசறது, ரிவர்ஸ்ல தூண்ல இடிக்கறது மாதிரி சின்ன செலவுதான், அதுல எதுவுமே தேறாது.

அதுல பே அஸ் யூ டிரைவ்னு ஒண்ணு இருந்துச்சு, 2022லேந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளை கண்காணிக்கற ஐஆர்டிஏஐ அனுமதிச்சது, ஓட்டற கிலோமீட்டருக்கு ஏத்த மாதிரி ஓடில குறைப்பாங்க. ஐடியா நல்லா இருக்கு. ஆனா 2,500 கிலோமீட்டர் ஸ்லாப் எடுத்தா நான் கும்பகோணம் போற மாசம் டாப்-அப் போடணும், அந்த தலைவலி வேணாம்னு விட்டுட்டேன். காய்கறி வாங்க மட்டும் வண்டி எடுக்கறவங்க கண்டிப்பா கேட்டு பாருங்க.

மூணாவதா போனது அரசு கம்பெனி ஒண்ணோட பிராஞ்சுக்கு, நேர்லயே. ஏஜெண்ட் தம்பி ஒருத்தர், பொறுமையா உக்கார வச்சு பேசினார். "சார், உங்களுக்கு என்சிபி, அதாவது கிளெய்ம் போடாததுக்கு ஓடில தர்ற தள்ளுபடி, 50 பர்சன்ட் இருக்கு, அதை காப்பாத்தறதுதான் உங்க சேமிப்பு"ன்னார். பேப்பர்ல கணக்கும் போட்டார். போன வருஷம் பம்பர் உடைஞ்சு 6,000 ஆச்சு, கைலேந்து குடுத்தேன். கிளெய்ம் போட்டிருந்தா பிளாஸ்டிக்குக்கு 50% தேய்மானம், அப்பறம் அந்த 1,000, எல்லாம் போக 2,000 கிட்ட வந்திருக்கும். ஆனா என்சிபி பூஜ்யமாயி, திரும்ப 20, 25, 35, 45ன்னு ஏறி 50 வர்றதுக்குள்ள எனக்கு ஜிஎஸ்டியோட 4,000 ரூபா கிட்ட போயிருக்கும். நான் தெரியாம பண்ணது சரியாத்தான் போச்சு. இன்னொண்ணு, பாலிசி முடிஞ்சு 90 நாள்ல ரினியூ பண்ணலன்னாலும் என்சிபி போயிடும், ஃபாரின்ல பேரப்பிள்ளையை பாக்க ஆறு மாசம் போறவங்க இதை மறந்துடறாங்க.

கடைசியா அந்த பிராஞ்ச்லயே எடுத்தது: ஐடிவி 2.10 லட்சம், ஓடி என்சிபி கழிச்சு 1,379, டிபி 2,094, ஓனர் டிரைவர் பிஏ (வண்டி ஓட்டற ஓனருக்கான விபத்து கவர்) 15 லட்சத்துக்கு 325, இன்ஜின் ப்ரொடெக்ட் 350, ரோடு அசிஸ்டன்ஸ் 120. ஜிஎஸ்டியோட 5,036. ஷோரூமை விட நாலாயிரத்து சொச்சம் கம்மி. ஜீரோ டெப் போடல, சின்னதுக்கு கிளெய்ம் போட போறதில்லன்னு ஆன பிறகு அது எதுக்கு. இன்ஜின் ப்ரொடெக்ட் மட்டும் விடல, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க தெருவுல தண்ணி நின்னதை பாத்தவன் நான். தண்ணில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனா சாதா பாலிசில அதுக்கு பணம் வராது.

பிஏ கவரை மிச்சம் புடிக்கறேன்னு எடுத்துடாதீங்க. பேங்க்ல வருஷத்துக்கு 20 ரூபா புடிக்கற சுரக்ஷா பீமா விபத்து காப்பீடு இருக்கேன்னா, அது ரெண்டு லட்சம்தான், 70 வயசோட நின்னுடும். அதே சமயம் வண்டி வீட்டம்மா பேர்ல இருந்து அவங்களுக்கு லைசென்ஸ் இல்லன்னா இந்த ஓனர் டிரைவர் பிஏ அவங்களுக்கு செல்லாது, நீங்க ஓட்டினாலும் உங்களுக்கும் கிடையாது.

லைசென்ஸ்ன்னதும் ஞாபகம் வருது. 55 தாண்டினா அஞ்சஞ்சு வருஷத்துக்குத்தான் ரினியூ ஆகும், டாக்டர்கிட்ட ஃபார்ம் 1ஏ வாங்கணும். முன்னாடி முடிஞ்சும் 30 நாள் செல்லும், 2019 சட்ட திருத்தத்துல அதை எடுத்துட்டாங்க. எங்க பக்கத்து ஃப்ளாட்காரர் ஒருத்தர் முடிஞ்சு நாலு மாசம் கழிச்சு மீடியன்ல ஏத்திட்டார், 60,000 ரூபா பில், கிளெய்ம் ரிஜெக்ட். வருஷா வருஷம் ஒழுங்கா பிரீமியம் கட்டினவர். பாலிசி தேதியை ஞாபகம் வச்சுக்கறோம், லைசென்ஸ் தேதியை யாரும் பாக்கறதில்ல.

அந்த அரசு கம்பெனிக்கு ரேட்டிங் கேட்டா அஞ்சுக்கு நாலு குடுப்பேன். ஒண்ணு ஏன் குறைச்சேன்னா, பாலிசி சாஃப்ட் காப்பி மெயில்ல வர ரெண்டு நாள் ஆச்சு, அதுலயும் என் மெயில் ஐடில ஒரு எழுத்து தப்பு, திரும்ப பிராஞ்சுக்கு போய் நின்னேன். ஏஜெண்ட் தம்பிக்கு மட்டும் தனியா கேட்டா அஞ்சுக்கு அஞ்சு.