நாயின் ஈறில் இரத்தம்: பிரஷ்ஷா, எலும்பா, ஸ்கேலிங்கா?

முதலில் நாயின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். பல் விளிம்பில் பழுப்பாகக் காரை (கல்லாக இறுகிய அழுக்கு) படிந்து, அதை ஒட்டிய ஈறு சிவந்து கசிந்தால் அது பல்நோய். பல் சுத்தமாக இருந்தும் ஈறு வெளிறி, சிவப்புப் புள்ளிகளோ மூக்கில் இரத்தமோ தெரிந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். எலி மருந்து தின்ற நாய்க்கும் இப்படி வரும். இங்கே பல் வைத்தியம் உதவாது. அன்றே மருத்துவரிடம் காட்டி இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் இரத்தம் உறையும் நேரத்தையும் பார்க்க வேண்டும்.

பல்நோய்தான் என்றால், எலும்பை முதலில் தள்ளிவிடுங்கள். நல்லி கடித்தால் பல் தானாக வெளுக்கும் என்று செட்டிநாட்டு வீடுகளில் மிச்ச எலும்பைப் போடுகிறார்கள். கடிக்கும் இடத்தில் காரை கொஞ்சம் உதிரும்தான். ஆனால் மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் பக்கவாட்டில் பிளந்துபோவதும் அந்தக் கடியில்தான். வெந்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து ஈறிலும் குடலிலும் குத்தும். உப்புக்கறி எலும்பென்றால், ஒட்டியிருக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத எதையும் கடிக்கத் தராதீர்கள்.

பிரஷ், காரை பிடிக்காத வாய்க்கு உரியது. பல்லில் படியும் அழுக்குப் படலம் இரண்டு மூன்று நாளில் கல்லாக இறுகத் தொடங்கிவிடும். அதனால் தினமும் தேய்க்க வேண்டும். வாரம் ஒருமுறை தேய்ப்பது வீண். மென்மையான குழந்தைகள் பிரஷ்ஷை ஈறுக்கு 45 டிகிரி சாய்த்து, வெளிப்பக்கம் மட்டும், பக்கத்துக்கு அரை நிமிடம் போதும். உமிழ்நீர் சுரக்கும் மேல் கடைவாயில்தான் காரை அதிகம் சேரும், அங்கே கூடுதலாகத் தேயுங்கள். பேஸ்ட் நாய்க்கானதாகவே இருக்கட்டும்: நம் பேஸ்ட்டில் ஃபுளோரைடு உண்டு, சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டியும் உண்டு. சைலிட்டால் நாயின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். லேசான கசிவு இரண்டு வாரத்தில் நிற்க வேண்டும்.

நிற்கவில்லையா, காரை கண்ணுக்கே தெரிகிறதா? அப்போது ஸ்கேலிங்தான், அதாவது காரையைச் சுரண்டி எடுப்பதுதான் வழி. ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்தால் நாற்றம் சில நாள் அடங்கி மறுபடி வரும். காரை அங்கேயேதான் இருக்கும். மயக்கமருந்து இல்லாமல் சுரண்டுவது மலிவு, பல்லும் பளிச்சென்று தெரியும். நோயோ ஈறுக்கு அடியில் தொடர்ந்து தாடை எலும்பைத் தின்றுகொண்டிருக்கும், எனவே அது வேண்டவே வேண்டாம். முழு மயக்கத்தில், மூச்சுக்குழலில் குழாய் பொருத்தி, ஒவ்வொரு பல்லின் ஈறுப் பையையும் (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கு) அளந்து (பெரும்பாலான நாய்களுக்கு 3 மில்லிமீட்டர் வரை இயல்பு), அடியில் சுத்தம் செய்து, கடைசியில் பாலிஷ் போடுவதே முழுமையான வேலை. வயதான நாய்க்கு முன்கூட்டியே சிறுநீரகம், கல்லீரல் இரத்தப் பரிசோதனை தேவை. ஆடும் பல்லைப் பிடுங்கச் சொன்னால் தயங்காதீர்கள். வலி போன நாய் முன்பைவிட நன்றாகச் சாப்பிடும்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருப்பவர்கள் நாள் குறிக்கும் முன் குழாய் வசதியும் பல் எக்ஸ்ரேயும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.